தளி டீக்கடையோடு நின்றுபோகும் சத்தம்

அந்த வண்டியில் இரண்டு கியர் தண்டுகள் இருந்தன. ஒன்று எல்லா வண்டிகளிலும் இருப்பது. அதன் பக்கத்தில் குட்டையாக இன்னொன்று. குட்டையானதைத் தள்ளிப் போட்டால் பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஜவளகிரிப் பக்கத்துச் செம்மண்ணில் மழை பெய்த மறுநாள், முட்டைக்கோசு மூட்டைகளோடு தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏற அந்தக் குட்டைத் தண்டு இல்லாமல் முடியாது. அதனால்தான் முதலாளி அந்தப் பழைய பிக்கப்பை, தகரம் துருவேறி உதிர ஆரம்பித்த பிறகும், வைத்திருந்தார். அதனால்தான் எனக்கும் அங்கே வேலை இருந்தது.

நான் சேர்ந்து ஒரு மழைக்காலம் போனதும் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கிளட்சை விட்டு வண்டி நகரும்போது ஒரு ‘டங்’. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு ‘டங்’. யாரோ அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரால் சட்டத்தைத் தட்டுவதுபோல. முதலில் எப்போதாவது வந்தது. பொங்கல் போனபின் தினமும் வந்தது.

வேறு வண்டியாக இருந்தால், வேறு காலமாக இருந்தால், நான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன். என் வழக்கம் அதுதான். எட்டாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். போர்வெல் லாரியில் போனேன். ஆந்திராவில், மத்தியப் பிரதேசத்தில், பெயர் தெரியாத ஊர்களில் குழாய் இறக்கினேன். கிரானைட் குவாரியில் இருந்தேன். அத்திப்பள்ளியில் ஒரு ஓட்டலில் மாவு ஆட்டினேன். ஓசூர் சிப்காட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாக நின்றேன். அங்கே இடது காது மந்தமாகிவிட்டது. பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வைத்தும் பார்த்தேன். மிஷின் பக்கம் எந்தக் காது இருக்கிறதோ அது போகும். அவ்வளவுதான்.

எந்த இடத்திலும் ஒரு வருடம் தங்கியதில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியதும் குறைவு. ஒருநாள் காலையில் எழுந்தால் அந்த இடம் முடிந்துவிட்டதுபோல இருக்கும், கிளம்பிவிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். மனைவி என் பின்னால் மூன்று ஊர்களுக்குப் பாத்திர மூட்டையோடு வந்தாள். நான்காவது ஊருக்கு வரவில்லை. காவேரிப்பட்டினத்தில் அவள் அம்மா வீட்டில் இறங்கிக்கொண்டாள். அங்கே மாம்பழக் கூழ் எடுக்கும் ஃபேக்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வருடத்தில் பெரும்பகுதி டப்பா துடைத்து அடுக்குவது, மாம்பழக் காலத்தில் பழம் பொறுக்கிப் பிரிப்பது.

ஜவளகிரியில் வேலை கிடைத்ததும் போய்க் கூப்பிட்டேன். ஃபேக்டரி உடுப்போடு வாசலில் நின்றாள். கத்தவில்லை, அழவில்லை.

“இந்த மாங்கா சீசன்ல இருந்து அடுத்த மாங்கா சீசன் வரைக்கும் ஒரே எடத்துல வேல செஞ்சு காட்டுங்க. வர்றன்.”

“இன்னாடி இது, பரீட்சையா?”

“ஆமா. எட்டாவதுல எழுதாம வந்தீங்கல்ல. அத இப்ப எழுதுங்க.”

அவள் அம்மா உள்ளே சிரித்தது கேட்டது. நான் பஸ் ஏறி வந்தேன். அந்த வருடம் நான் ஓட்டியதெல்லாம் அந்த அடுத்த சீசனை நோக்கித்தான்.

தினமும் விடிகிற நேரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஓசூர் மார்க்கெட்டுக்குக் கிளம்புவேன். ஜவளகிரியில் போனுக்குக் கர்நாடகா டவர்தான் பிடிக்கும். காட்டோரத்து முதல் வளைவு தாண்டியதும் நம் பக்கத்து டவர் வரும். அங்கிருந்து அவளைக் கூப்பிடுவேன். போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், கதவோரமாக, ஒரு பழைய துணியில் சொருகி வைப்பேன். வலது காதுதான் ஒழுங்காகக் கேட்கும். அவள் அந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்பச் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அவள் பக்கம் குக்கர், பைப்புத் தண்ணீர், பக்கத்து வீட்டு நாய். என் பக்கம் இஞ்சின். சில நாள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமலே தளி வரைக்கும் வந்துவிடுவோம். தளியில் டீக்கு நிறுத்துவேன். இறங்கி, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்து, டயரை உதைத்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டீ குடித்து, மறுபடி ஏறுவேன். மத்திகிரி வரும்போது அவளுக்கு ஃபேக்டரி வேன் வந்துவிடும். “வெக்கிறன்” என்பாள்.

சத்தம் ஆரம்பித்தபின் அதுவும் எங்கள் பேச்சில் சேர்ந்துகொண்டது.

“இன்னா அது, யாராச்சும் கதவத் தட்றாங்களா?”

“வண்டி.”

“வண்டியா? எங்கூட்டு அம்மிக்குழவி உருள்ற மாதிரி கேக்குது.”

முதலாளிக்கு அது சிரிப்பாக இல்லை. அவர் வீட்டில் பேசுவது கன்னடம், அவர் மனைவி வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், கோபம் வந்தால் மூன்றும். ஒருநாள் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். மேட்டில் ‘டங்’ என்றது. ஏறி முடித்துக் காலை எடுத்தேன், மறுபடி ‘டங்’.

“சாக்கப்பா, சாக்கு. போதும். இது நடுவழில ஒடஞ்சு நின்னா என்ன பண்ணுவ? ஆன வந்து தள்ளிவிடுமா?”

“பாத்துடலாம்ணா.”

“நீ மூணு மாசமா பாத்துட்டுத்தான் இருக்க. யுகாதிக்குள்ள சத்தம் நிக்கணும். நிக்கலன்னா ஆனேக்கல்ல ஒருத்தன் கேக்கறான், குடுத்துடறேன். சின்ன வண்டி ஒண்ணு எடுத்துக்கறேன். அக்கா பையன் சும்மாத்தான் இருக்கான், அவன் ஓட்டுவான்.”

அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வண்டி போனால் நானும் போக வேண்டும். யுகாதி முடிந்து கொஞ்ச நாளில் மாம்பழம் வந்துவிடும். அவள் சொன்ன வருடம் நிறைய அவ்வளவுதான் பாக்கி. அதற்கு முன்னால் இன்னொரு ஊர் பெயரைச் சொல்லி அவளிடம் போய் நின்றால், வண்டி விற்றுவிட்டார்கள் என்பதையெல்லாம் அவள் கேட்கமாட்டாள். கேட்கவும் தேவையில்லை. முன்பும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் இருந்துகொண்டேதான் இருந்தது.

ஓசூரில் மத்திகிரி ரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். தேனிப் பக்கத்துக்காரர். வேலை சுத்தம், வாயும் நீளம். மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேராக அவரிடம் போனேன்.

“சத்தம் முன்னாடி இருந்து வருதாண்ணே, பின்னாடி இருந்தா?”

“அடில இருந்து.”

“அடி எம்புட்டு நீளம்! முன்னாடியா, பின்னாடியா?”

என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு காது மட்டும் இருப்பவனுக்குச் சத்தம் கேட்கும், திசை கேட்காது. ரோட்டில் யாராவது கூப்பிட்டால்கூட நான் சுற்றிச் சுற்றித்தான் பார்ப்பேன். பிரஸ் ஷாப் கதையைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடியில் படுத்தார்.

இஞ்சினிலிருந்து வரும் சுழற்சி சக்கரத்துக்குப் போகிற வழி நெடுக அவர் கையை வைத்துப் பார்த்தார். இஞ்சினும் கியர்பாக்ஸும் உட்கார்ந்திருக்கும் ரப்பர்களைக் கடப்பாரையால் நெம்பினார். ரப்பர் பிளந்திருந்தால் கிளட்ச் விடும்போது கியர்பாக்ஸே எகிறி அடிக்கும். அது நன்றாக இருந்தது. பின்னால் போகிற நீளமான ஷாஃப்டைப் பிடித்து முறுக்கினார். அதன் இரண்டு முனையிலும் கூட்டல் குறிபோல ஓர் இரும்பு இருக்கும், கிராஸ் என்பார்கள். அது தேய்ந்தால் ஷாஃப்ட் ஒரு நொடி சும்மா சுற்றிப் பிறகு அடிக்கும். அதுவும் இறுக்கம். முன்னால் போகிற குட்டை ஷாஃப்டையும் ஆட்டினார். அசையவே இல்லை. சக்கரங்களுக்கு நடுவே உள்ள பெரிய உருண்டையில், கிரவுன் பல்லில், கொஞ்சம் ஆட்டம் இருந்தது.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். அவர் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். ரிங் ரோடு வரை போனோம். கிளட்சை வேண்டுமென்றே வெடுக்கென்று விட்டார். ஒன்றும் இல்லை. காலை எடுத்தார், அழுத்தினார். ஒன்றும் இல்லை. வண்டி வெண்ணெய்போல ஓடியது.

“சத்தத்தக் காட்டுங்கண்ணே.”

“காலையில வந்துச்சுங்க. சத்தியமா.”

“நான் இல்லன்னு சொல்லல. காட்டுங்கன்றேன். லோடோட வந்துச்சா?”

மறுநாள் லோடோடு நேராக அவரிடம் போனேன். அப்போதும் வரவில்லை. மார்க்கெட்டுக்கு நேரமாகி, வாடிய பீன்ஸுக்கு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மெக்கானிக் நியாயமாகத்தான் பேசினார். “எனக்குத் தெரிஞ்சு ஆட்டம் இருக்கிறது கிரவுன்லதான். அதக் கழட்டிப் பாக்கணும்னா பெரிய வேல. மாத்தியும் சத்தம் நிக்கலன்னா நீங்க என்னய வைவீக. சத்தம் வந்தப்புறம் கொண்டாங்க.”

பெரிய வேலை என்று கேட்டதும் முதலாளி ஆனேக்கல்காரருக்குப் போன் போட்டார். அந்த ஆள் யுகாதி கழித்து வந்து பார்க்கிறேன் என்றாராம்.

நானாகவும் பார்த்தேன். தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, பின் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, கையால் திருப்பி எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பார்த்தேன். ஷாக் அப்சார்பரை அவிழ்த்து ஓட்டினேன். ஸ்டெப்னி டயரை, ஜாக்கியை, சீட்டுக்கு அடியில் கிடந்த சாமான்களை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினேன். தோட்டத்தில் வேலை செய்கிற அக்கா ஒருத்தியை ரோட்டோரம் நிற்கச் சொல்லி, வண்டி தாண்டும்போது சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னேன். அந்த அக்கா கையில் கத்தரிக்கோலோடு, ரோஜாச்செடி வெட்டுவதை விட்டுவிட்டு வந்து நின்றது.

“எங்கிருந்துக்கா வருது?”

“வண்டில இருந்துதான் வருது சாமி.”

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே வண்டியை நிறுத்திவிட்டு அந்தச் சரிவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் காட்டு மரங்கள் காய்ந்து நின்றன. அந்தப் பழைய உணர்வு, இந்த இடம் முடிந்துவிட்டது என்கிற உணர்வு, வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அது எனக்குப் புதிது. கிளம்பத் தோன்றாத ஓர் இடத்திலிருந்து என்னை அனுப்பப்போகிறார்கள். தோட்டத்தில் நான் தங்கியிருந்த கொட்டகைச் சுவரில் அவள் வந்தால் சேலை போட ஒரு கயிறுகூடக் கட்டிவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு காலை, வழக்கம்போலப் போன். வழக்கம்போல ‘டங்’, ‘டங்’. தளியில் டீ குடித்துக் கிளம்பி, மத்திகிரிக்குப் பாதி தூரம் வந்திருப்பேன். நான் கிரவுன் பற்றி அவளிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லு.”

“டீ குடிச்ச அப்பறம் அது தட்றதில்லையே.”

“எது?”

“அந்தச் சத்தம். டீக்கட வரைக்கும் தட்டும். டீ குடிச்சுட்டு ஏறுனீங்கன்னா ஒரே அமைதி. தெனமும் அப்பிடித்தான். நான் கூட நெனச்சன், டீ அதுக்கும் ஊத்துறீங்களோ என்னமோன்னு.”

“ரோடு நல்லா இருக்கும்டி தளிக்கு அப்பறம்.”

“தளிக்கு முன்னாடியும் தார் ரோடுதான்னு நீங்கதான சொன்னீங்க. யோவ், டீக்கடையில எறங்கி இன்னாதான் பண்ணுற?”

ஒன்றும் பண்ணுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பிரேக்கை அழுத்தினேன். பின்னால் வந்த டெம்போக்காரர் கன்னடத்தில் என் குடும்பத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்.

நான் டீக்கடையில் ஒரு காரியம் பண்ணுவேன். அந்த வண்டியின் முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு திருகு உண்டு. அதை ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் முன் ஷாஃப்டோடு பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் திருப்பினால் விட்டுவிடும், சக்கரம் தனியாக உருளும், முன் ஷாஃப்ட் சும்மா நிற்கும். குட்டைத் தண்டு வேலை செய்ய வேண்டுமானால் இந்தத் திருகும் பூட்டியிருக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் சேற்றைக் கண்டால் இறங்கிப் பூட்டுவார்கள், தாண்டியதும் இறங்கி விடுவிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வதில்லை. காட்டோர ரோட்டில், அரை வெளிச்சத்தில், யானை எந்தப் புதர் மறைவில் நிற்கிறதோ தெரியாத இடத்தில், யார் இறங்கிச் சக்கரத்தருகே குனிந்து உட்காருவது? அதனால் தளிக்கு மேலே திருகு எப்போதும் பூட்டியே இருக்கும், சேறு இருந்தாலும் இல்லாவிட்டாலும். தளி டீக்கடையில்தான் விடுவிப்போம், டீசல் மிச்சமாகும் என்று. திரும்பும்போது அதே டீக்கடையில் பூட்டிக்கொண்டு மேலே ஏறுவோம். முதலாளி அப்படித்தான் காட்டிக் கொடுத்தார். ஜவளகிரியில் அந்த மாதிரி வண்டி வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதுபோல என் கை அதைத் தானாகச் செய்தது. அதைச் செய்கிறேன் என்றே எனக்கு நினைவில்லை.

ஓசூர் வரை வந்த வண்டியில் அந்தச் சத்தம் ஒருநாளும் வந்து சேரவில்லை. நானே அதைத் தளியில் இறக்கிவிட்டுத்தான் இரண்டு தடவையும் மெக்கானிக்கிடம் போயிருக்கிறேன்.

“இன்னாங்க, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கன். இரு.”

வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். இரண்டு திருகையும் பூட்டினேன். ஏறி, கிளட்சை விட்டேன்.

‘டங்.’

“வந்துருச்சு!” என்று போனில் கத்தினாள். சொந்தக்காரர்கள் வந்து இறங்கியதுபோல. அவளுடைய வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் வேனைத் தவறவிட்டாள்.

மெக்கானிக் கடை வரைக்கும் அப்படியே ஓட்டினேன். கடைக்கு முன்னால் நிறுத்தும்போதே ‘டங்’ என்றது. அவர் உள்ளேயிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அடப்போங்கண்ணே. சீக்காளிய வீட்டுல படுக்க வச்சுட்டு வந்து எங்கிட்ட மருந்து கேட்டுருக்கீக.”

“நீங்களும் முன்னாடி ஷாஃப்ட ஆட்டிப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன். அசையலையே. அதான் நல்லா இருக்குன்னு விட்டுட்டேன்.”

அசையாததுதான் சீக்கு என்று பிறகு தெரிந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, குட்டை ஷாஃப்டைக் கழற்றி எடுத்தார். கிராஸ் துருவேறி இறுகிக் கிடந்தது. கையால் ஆட்டினால் கல். பூட்டிய சக்கரம் சுற்றிவிடும் பலத்தில்தான் அது மடங்கும், அப்போது துள்ளி அடிக்கும். ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற பல்பகுதி ஒன்று உண்டு, பள்ளம் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதில் கிரீஸ் என்ற பெயருக்குக் கறுப்பு மண் இருந்தது. வருடக்கணக்காக அங்கே யாரும் கிரீஸ் அடித்ததில்லை. பின் ஷாஃப்டுக்கு அடிப்போம், எப்போதும் சுற்றுவது அதுதானே என்று. முன்னது சேற்றுக்கு மட்டும் என்பது எங்கள் நினைப்பு. தளிக்கு மேலே அதுவும் முழு நேரம் சுற்றிக்கொண்டிருந்தது எங்களுக்கு உறைக்கவில்லை.

இரண்டு கிராஸ் மாற்றினார். பல்லைச் சுத்தம் செய்து கிரீஸ் ஏற்றினார். கிரவுனைத் தொடவில்லை. சாயங்காலம் திருகுகளைப் பூட்டி, காலி வண்டியில் தளி தாண்டி மேலே ஏறினேன். கிளட்சை மெதுவாக விட்டேன். பிறகு முரட்டுத்தனமாக விட்டேன். தோட்டத்து மேட்டில் குட்டைத் தண்டைப் போட்டு ஏறினேன். எதுவும் தட்டவில்லை. முதலாளி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னொரு ரவுண்டு ஹோகு” என்றார். போனோம். இறங்கும்போது ஆனேக்கல்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்தபோது, “அக்கா பையன் ஃபேக்டரிக்குப் போறானாம்” என்று மட்டும் சொன்னார்.

வண்டி சரியான மறுநாள் காலை போன் பேசிக்கொண்டு வந்தேன். நடுவில் அவள், “ஹலோ, ஹலோ” என்றாள்.

“இருக்கன்டி.”

“கட்டாயிடுச்சோன்னு நெனச்சன். ஒரு சத்தமும் இல்ல.”

“அதான் சரி பண்ணியாச்சே.”

“ம்.” குக்கர் விசில் வந்தது. “நல்லதுதான். ஆனா நீங்க எங்க வர்றீங்கன்னு தெரியல.”

சித்திரை பிறந்தது. கிருஷ்ணகிரி பக்கம் ரோட்டோரங்களில் மாங்காய் மூட்டைகள் வந்து இறங்கின. அவள் சொன்ன வருடம் நிறைந்தது. நான் கொட்டகையைக் கழுவினேன், புதுப் பாய் வாங்கினேன். “எப்ப வர்ற? தேன்கனிக்கோட்ட பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோட வந்துடறன்” என்றேன்.

 அவள் சிரித்தாள், அழுகையும் சேர்ந்த சிரிப்பு.

“சீசன்ல எவன் லீவு குடுப்பான்? இப்ப ரெண்டு ஷிப்டு போயினு இருக்குது. நின்னா ஆளையே மாத்திடுவாங்க.”

“நீதான சீசன்ன?”

“நான் சொன்னன். நீயாச்சும் யோசிச்சிருக்கலாம்ல? மாங்கா வந்தா எனக்கு மூச்சுவுட நேரம் இல்லன்னு உனக்குத் தெரியாதா?”

இரண்டு பேருக்கும் தெரியும். அவள் ஊரில் எல்லாக் கணக்கும் மாம்பழத்தை வைத்துத்தான். கல்யாணம், வீடு ஒத்தி, வாய்ச் சத்தியம் எல்லாவற்றுக்கும் சீசன்தான் எல்லை. அந்தப் பழக்கத்தில் அவள் சொல்லிவிட்டாள், அந்தப் பழக்கத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். ஃபேக்டரியில் வேலை செய்கிறவளுக்குச் சீசன் என்றால் கதவு சாத்துகிற காலம் என்பது அப்போது இருவருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஷிப்டு மாறி, காலைப் போனும் நின்றது. காட்டோரத்து வளைவு வரும், டவர் வரும், நான் அந்தத் துணியில் சும்மா போனைச் சொருகி வைத்துக்கொண்டு ஓட்டுவேன். சத்தமில்லாத வண்டியில் தளி வெகு தூரமாகிவிட்டது.

ஒருநாள் முதலாளியிடம், சீசனில் மாம்பழ வாடகைக்குப் பிக்கப் கேட்கிறார்கள், வண்டிதான் இப்போது நன்றாக இருக்கிறதே என்றேன். என் முகத்தைப் பார்த்தார். “மாம்பழமா உனக்கு?” என்றார். பிறகு, “சரி, ஒருநாள் போயிட்டு வா” என்றார்.

சூளகிரிக்கு அருகே ஒரு தோப்பில் பழம் ஏற்றிக்கொண்டு, கிருஷ்ணகிரி தாண்டி, காவேரிப்பட்டினத்துக்குப் போனேன். ஃபேக்டரி வாசலிலிருந்து ரோடு வரை வண்டிகள் வரிசை. டிராக்டர், லாரி, டெம்போ. வெயிலில் பழுத்து வழிந்த சாற்றில் ஈக்கள். வந்துவிட்டேன் என்று அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். தலையில் வலைத்தொப்பி, கையில் டிபன். அவள் வரிசை நெடுக ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் வண்டியையும் பார்த்தாள். தாண்டிப் போனாள்.

ஹாரன் அடித்தேன். திரும்பினாள்.

“இதா! இத எனக்கெப்படித் தெரியும்? தட்டிக்குனு வரும்னு காத வச்சுக்குனு வர்றன்.”

ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் கதவோரத்துத் துணியைப் பார்த்தாள். “இங்கதான் நான் வர்றதா?” என்றாள். கை முழுக்க மாம்பழ வாசனை, விரல் இடுக்கில் மாங்காய்ப் பால் பட்டு வெந்த புண். டிபனைத் திறந்து பாதியை மூடியில் வைத்து என்னிடம் தள்ளினாள். சாப்பிட்டோம். ஏதோ சொன்னாள். அவள் உட்கார்ந்திருந்தது என் இடப்பக்கம். போனில் ஒரு வருடமாக அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும்போது கேட்கவில்லை. வலது காது அவள் பக்கம் வரும்படி உடம்பை முழுக்கத் திருப்பி, ஸ்டியரிங்கில் முதுகு இடிக்க உட்கார்ந்தேன். அவள் புரிந்துகொண்டு குரலை உயர்த்தினாள்.

“கொட்டாய்ல கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குதான்னு கேட்டன்.”

“இல்ல. வெளிய பூட்டுத்தான். உள்ள இருந்தா கல்ல உருட்டி வெப்பன்.”

“கல்லா? ஆன வர்ற ஊர்ல கல்ல வெச்சுக்குனா படுக்கறது? தாப்பா போடுங்க. சீசன் முடிஞ்சதும் வர்றன்.”

“எப்ப முடியும்?”

“கடசிப் பழம் வந்ததும்.”

சங்கு ஊதியது. இறங்கி, வலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போனாள். நேரமானால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வரிசை ஒரு வண்டி அளவுக்கு நகர்ந்தது. நானும் நகர்த்தினேன்.

திரும்பும்போது கிருஷ்ணகிரியில் ஒரு இரும்புக் கடையில் கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கினேன். தளியில் நிறுத்தி, திருகுகளைப் பூட்டி, டீ குடித்தேன். மறுநாள் பகலில் கொட்டகைக் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாளை அடித்தேன். மரம் கோணல், முதலில் நேராக உட்காரவில்லை. கழற்றி மறுபடி அடித்தேன். வண்டியில் மிச்சமிருந்த கிரீஸை விரலில் எடுத்துத் தடவி, நாலைந்து தடவை தள்ளி இழுத்துப் பார்த்தேன். நன்றாக ஓடியது.

இருட்டியதும் உள்ளே வந்து படுத்தபோது, அவள் வருமுன் அதைப் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. எழுந்து, பழையபடி கல்லையே கதவுக்கு உருட்டி வைத்தேன்.